நூலிழையும் மூளைத் தமனியும்

பேராக் மாநிலத்தின் ஆற்றங்கரைகளிலும், தோட்டத்து ஓரங்களிலும், தாப்பாவைச் சூழ்ந்த காட்டுப் பகுதிகளிலும் கூட்டங்கூட்டமாகத் திரியும் நீள்வால் குரங்கை அறியாதார் இலர். மலாய்க்காரர் அதனைக் 'கெரா' என்பர். கொல்லையில் பழுத்த வாழைக்குலையைச் சூறையாடும் குறும்புக்காக அதனை ஏசுவோர் பலர். அதன் மூளையைப் பற்றி எண்ணிப் பார்த்தோர் மிகச் சிலரே. இதே இனத்தைச் சேர்ந்த குரங்குகள் கனடா நாட்டு டொராண்டோ நகரில் ஆராய்ச்சிச் சாலை ஒன்றில் மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தப்பட்டன. அவற்றின் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் வேண்டுமென்றே அடைக்கப்பட்டது. இவ்வாறு பக்கவாதத்தைச் செயற்கையாக உண்டாக்கி, பின்னர் மருந்தொன்றைச் செலுத்தி, மூளையில் அழிந்தது எவ்வளவு, பிழைத்தது எவ்வளவு என்று விஞ்ஞானிகள் அளந்தனர். 2012ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் அம்முடிவுகள் வெளிவந்தன.

வாயில்லாச் சீவனுக்கு வலிந்து நோயை உண்டாக்குவது முறையாகுமா என்னும் கேள்வி கேட்போர் நெஞ்சில் எழுவது இயல்பே. அக்கேள்வியை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆனால் அதற்கு விடை காணுமுன், இத்தகைய பரிசோதனைகள் எவ்வாறு செய்யப்படுகின்றன, அவற்றால் மனிதன் பெற்றது என்ன, பெறத் தவறியது என்ன என்பவற்றை அறிந்துகொள்ளல் வேண்டும். பெறத் தவறியதன் கணக்கே இவ்வரலாற்றில் பெரிது.

நோயின் இயல்பு

தமிழ் வைத்தியர்கள் இந்நோயைப் பக்கவாதம் என்றும் பாரிசவாயு என்றும் வழங்கினர். உடலில் வாதம் மிகுந்து ஒரு பக்கத்தை முடக்கிவிடுகிறது என்பது அவர்கள் கொள்கை. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரோக்' என்றால் அடி. கண்ணுக்குப் புலனாகாத கையொன்று ஓங்கி அடித்தது போல மனிதன் சாய்வதால் அப்பெயர் வந்தது. இரண்டு பெயர்களுமே கண்ட காட்சியைக் கூறுகின்றனவேயன்றி நோய் பிறக்கும் இடத்தைச் சுட்டவில்லை. நோய் கையிலும் இல்லை, காலிலும் இல்லை, மூளையில் இருக்கிறது.

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1,400 கிராம். உடல் எடையில் அது நூற்றில் இரண்டு பங்கே. ஆயினும் உடல் முழுவதும் செலவிடும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வேண்டியிருந்தும் அதற்குச் சேமிப்பு என்பது கிடையாது. அன்றாடக் கூலியை அன்றாடம் உண்டு வாழும் ஏழைக் குடும்பம் போன்றது அது. குருதி வரவு நின்றால் சில வினாடிகளில் மயக்கம் வரும். சில நிமிடங்களில் உயிரணுக்கள் அழியத் தொடங்கும்.

மூளைக்குள் ஓடும் தமனிகளுள் 'நடு மூளைத் தமனி' என்பது முக்கியமானது. முகம், கை, பேச்சு ஆகியவற்றை ஆளும் பகுதிகளுக்கு அதுவே குருதி ஊட்டுகிறது. பக்கவாதம் கண்டவரின் வாய் ஒருபுறம் கோணுவதும், கை தொங்கிவிடுவதும், சொல் குழறுவதும் பெரும்பாலும் இத்தமனியோ அதன் கிளையோ அடைபடுவதன் விளைவே. மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தை ஆள்வதால், வலப்புறத் தமனி அடைபட்டால் இடக்கை விழும். சிலருக்குத் தமனி அடைபடாமல் வெடித்துக் குருதி கசிவதுமுண்டு. வெளித் தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிவது அரிது என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் முக்கியத்துவம் பின்னால் விளங்கும்.

இந்நோயை மனிதரிடத்திலேயே ஆராயலாகாதா? ஆராயலாம், ஆனால் நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேரும்போது கதையின் முதல் அத்தியாயம் முடிந்துபோயிருக்கும். அடைப்பு எப்பொழுது ஏற்பட்டது என்பதே பலருக்குத் தெரியாது. உறங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், நள்ளிரவில் விழுந்ததா, விடியற்காலையில் விழுந்ததா என்று யார் கூறுவது? இறந்தோரின் மூளையை அறுத்துப் பார்த்தால் அழிவின் முடிவு தெரியுமேயன்றி, அழிவு நடந்த விதம் தெரியாது. அடைப்பு ஏற்பட்ட கணத்தையே பூச்சியமாகக் கொண்டு ஓடும் கடிகாரம் ஒன்று ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது. அந்தக் கணத்தை மனிதன் தன் கையால் உண்டாக்கினாலன்றி அக்கடிகாரம் கிடைக்காது. பிராணிகளிடம் செயற்கைப் பக்கவாதத்தை உண்டாக்கும் அறுவை முறைகள் பிறந்தது இதனாலேயே.

நாய் பிழைத்தது, முயல் மாண்டது

லண்டன் நகரின் புகழ்பெற்ற இரண சிகிச்சை நிபுணரான சர் ஆஸ்ட்லி கூப்பர் 1836ஆம் ஆண்டில் தம் பரிசோதனைகளை வெளியிட்டார். கழுத்தின் முன்புறம் ஏறும் இரண்டு தமனிகள், முதுகெலும்பை ஒட்டி ஏறும் இரண்டு தமனிகள் ஆக நான்குமே மூளைக்குக் குருதி கொண்டு செல்வன. இந்நான்கையும் கட்டிவிட்டால் பிராணி உடனே மாண்டுவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பர். முயலிடம் எதிர்பார்த்ததே நடந்தது. ஆனால் நாயிடம் நான்கையும் கட்டியும் நாய் பிழைத்துக்கொண்டது!

வியப்புக்குக் காரணம் மூளையின் அடிப்புறத்திலும் கழுத்திலும் உள்ள இணைப்புக் குழாய்கள். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று கைகோத்து வளையமாக நிற்கின்றன. 1664ஆம் ஆண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தம் நூலில் அவ்வளையத்தை விளக்கினார். அதனால் அது இன்றும் 'வில்லிஸ் வளையம்' எனப்படுகிறது. ஒரு பாலம் உடைந்தால் லாரி வேறு சாலையில் சுற்றி வருவது போல, ஒரு தமனி அடைபட்டால் வளையத்தின் மறுபுறமிருந்து குருதி சுற்றி வந்துவிடுகிறது. ஒவ்வோர் இனத்திலும் இச்சுற்றுச் சாலை ஒவ்வொரு விதம். மங்கோலிய நாட்டு 'ஜெர்பில்' என்னும் சிற்றெலிக்குப் பின்புற இணைப்புச் சரிவர அமைவதில்லை. அதனால் அதன் கழுத்துத் தமனிகள் இரண்டைச் சில நிமிடங்கள் இறுக்கினாலே மூளையின் முன்பகுதி குருதியின்றி வாடும்.

இந்த ஜெர்பிலிடமிருந்துதான் ஓர் அரிய உண்மை கிடைத்தது. ஜப்பானியரான கிரினோ 1982ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஐந்து நிமிடம் குருதியை நிறுத்தித் திரும்ப விட்டார். நினைவாற்றலுக்கு உறைவிடமான பகுதியின் உயிரணுக்கள் மறுநாள் நலமாகவே காணப்பட்டன. மூன்று நான்கு நாட்கள் கழித்தோ, அவற்றுள் பெரும்பாலானவை மாண்டு கிடந்தன. அணுவின் சாவு அடைப்பு நேர்ந்த கணத்திலேயே முடிந்துபோவதன்று, மெல்ல நடைபெறும் ஒரு நிகழ்ச்சி என்பது இதனால் தெளிவாயிற்று. மெல்ல நடப்பதை இடையில் தடுக்கலாமன்றோ? உலகெங்கும் மருந்து தேடும் வேட்கை மூண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்டையைத் திறப்பதா, நூலை நுழைப்பதா?

கழுத்தில் கட்டுவதால் மனிதனுக்கு வரும் பக்கவாதத்தைப் போன்ற ஒன்று உண்டாகாது. வளையத்தைக் கடந்து, நடு மூளைத் தமனியையே நேரில் அடைத்தாக வேண்டும். குரங்கிடம் இதற்கெனக் கண்குழியின் வழியாக மூளையின் அடித்தளத்தை அணுகும் முறை வகுக்கப்பட்டது. எலியிடம் பொட்டுப் பகுதியில் எலும்பைத் துளைத்து, தமனியை மின்சூட்டால் பொசுக்கி மூடும் முறையைத் தமுரா என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் கிளாஸ்கோ நகரில் செய்து 1981ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இம்முறையில் தமனி அடைபட்டதைக் கண்ணால் காணலாம், ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் மண்டை திறக்கப்பட்டதும் உள்ளே இயல்பாக இருந்த அழுத்தம் மாறுகிறது. மூளையைச் சூழ்ந்த நீர் வெளியேறுகிறது. கத்தியின் கீறலே மூளைக்கு ஒரு காயமாகிவிடுகிறது. பொசுக்கிய தமனியைத் திரும்பத் திறப்பதும் இயலாது.

இக்குறைகளைத் தீர்த்தது ஒரு நூலிழை. ஜப்பானில் கொய்சுமி என்பார் 1986ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் லோங்கா என்பார் 1989ஆம் ஆண்டிலும் விளக்கிய முறை இது. அறுவை மருத்துவர் தோலைத் தைக்கப் பயன்படுத்தும் நைலான் நூலே கருவி. அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவினது. நுனியைத் தீயருகே காட்டினால் அது உருகி உருண்டையாகிறது. அல்லது நுனிக்குச் சிலிகான் பூச்சு இடுவதுமுண்டு. மயக்கத்தில் உள்ள எலியின் கழுத்தில் சிறு கீறல் இட்டு, முகத்துக்குச் செல்லும் தமனிக் கிளையை அறுத்து, அதன் அடிக்கட்டை வழியே நூலைச் செலுத்துகின்றனர். நூல் மூளைக்குச் செல்லும் தமனியில் ஏறி, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தூரம் சென்று, குறுகிய இடத்தில் தட்டி நிற்கிறது. அப்பொழுது நடு மூளைத் தமனியின் வாயில் அடைபடுகிறது. மண்டையோடு தொடப்படவே இல்லை. வேண்டும் நேரத்தில் நூலை வெளியே இழுத்துவிட்டால் குருதி மீண்டும் பாய்கிறது.

இதில் கைத்திறன் எத்துணை வேண்டும் என்பது செய்வோருக்கே தெரியும். நூல் சிறிது குறைவாகச் சென்றால் அடைப்பே இராது. சிறிது மிகையாகச் சென்றால் தமனியின் மெல்லிய சுவர் கிழிந்து, அடைப்புக்குப் பதிலாகக் குருதிக் கசிவு உண்டாகும். இவ்விரண்டுமே ஆராய்ச்சியைக் கெடுத்துவிடும். ஆகவே குருதியோட்டம் உண்மையில் குறைந்ததா என்று லேசர் ஒளிக் கருவியால் அளந்து பார்ப்பது நல்ல ஆராய்ச்சிச் சாலைகளின் வழக்கம்.

எலி விழித்த பின் அதன் நடையை மதிப்பெண் இட்டு அளக்கின்றனர். லோங்கா வகுத்த அளவில் குறை ஏதுமில்லையெனில் பூச்சியம். மறுபக்கத்து முன்காலை முழுவதும் நீட்ட இயலாவிட்டால் ஒன்று. செல்லும்போது ஒரே பக்கமாக வட்டமிட்டால் இரண்டு. அப்பக்கமே சாய்ந்து விழுந்தால் மூன்று. தானாக நடக்கவியலாமல் உணர்வு மங்கிக் கிடந்தால் நான்கு. மனித நோயாளியின் படுக்கையருகே நின்று மருத்துவர் கையைத் தூக்கச் சொல்வதும் இதுவும் அடிப்படையில் ஒன்றே.

இவையன்றி வேறு வழிகளும் உண்டு. குருதியில் 'ரோஸ் பெங்கால்' என்னும் சாயத்தை ஏற்றி, மண்டையோட்டின் மேல் ஒளியைப் பாய்ச்சி, ஒளி பட்ட இடத்தில் மட்டும் குருதி உறையச் செய்வது ஒன்று. வாட்சன் என்பார் 1985ஆம் ஆண்டில் விளக்கியது. உறைந்த குருதித் துணுக்குகளையே தமனிக்குள் விடுவது மற்றொன்று. மனித நோய்க்கு மிக நெருங்கியது இப்பின்னதே. ஆனால் துணுக்கு எங்கே போய்த் தங்கும் என்பது செய்பவர் கையில் இல்லை.

அகநிழலும் புறநிழலும்

இத்துணைப் பாடுபட்டுக் கண்டறிந்தவற்றுள் தலையாயது எது எனின், 'புறநிழல்' என்னும் கருத்தே எனலாம். கிரகணப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அகநிழல், புறநிழல் என்னும் சொற்களை அறிவர். ஒளி முற்றும் மறைந்த இடம் அகநிழல். அரைகுறையாக மறைந்த இடம் புறநிழல். தமனி அடைபட்ட மூளையிலும் இவ்வாறே இரண்டு பகுதிகள் உண்டு என்பதை லண்டனில் சைமன் என்னும் மூளை அறுவை நிபுணரும், அஸ்ட்ரப் முதலியோரும் பாபூன் குரங்குகளிடம் செய்த பரிசோதனைகளால் கண்டனர். 1977ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சி வெளிவந்தது.

நலமான மூளையில் 100 கிராமுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் குருதி பாய்கிறது. 1981ஆம் ஆண்டில் ஜோன்ஸ் என்பாரும் பிறரும் குரங்குகளில் அளந்து கூறியபடி, இவ்வளவு 23 மில்லிலிட்டர் அளவுக்கு இறங்கினால் கை கால் செயலிழக்கும். ஆயினும் குருதி திரும்பினால் செயலும் திரும்பும். 10 அல்லது 12 மில்லிலிட்டர் அளவுக்கு இறங்கி, இரண்டு மூன்று மணி நேரம் நீடித்தால் அப்பகுதி மாண்டுபோகும். செயலிழப்பு வேறு, சாவு வேறு. இரண்டுக்கும் நடுவே நின்று ஊசலாடும் பகுதியே புறநிழல்.

நாற்றுப் பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வெயிலில் வாடித் தலை சாய்ந்த ரப்பர்க் கன்றும், காய்ந்து சருகான கன்றும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலவே தோன்றும். தண்ணீர் ஊற்றினால் முன்னது நிமிரும், பின்னது நிமிராது. வாடிய கன்றும் நீரின்றி நிற்கும் ஒவ்வொரு நாழிகையிலும் சருகை நோக்கியே செல்கிறது. முடங்கிய கையைக் கண்டு, 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று முன்னாளில் மருத்துவர்களே கைவிட்டதுண்டு. அது தவறு என்று காட்டியவை அந்தக் குரங்குகள்.

மருந்துகளின் மயானம்

இனி, தோல்வியின் கதை. நூல் முறை எளிதாகப் பரவியபின் உலகெங்கும் மருந்துகள் எலிகளிடம் பரிசோதிக்கப்பட்டன. 2006ஆம் ஆண்டில் ஓ'காலின்ஸ் என்பாரும் அவருடைய கூட்டத்தாரும் கணக்கெடுத்தபோது, பக்கவாதத்துக்காக ஆராயப்பட்ட சிகிச்சைகள் 1,026 என்று தெரிந்தது. அவற்றுள் மனிதரிடம் சோதித்துப் பார்க்கப்பட்டவை 114. எலியின் மூளையைக் காத்தவை என்று புகழப்பட்ட மருந்துகள் மனிதனிடம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன.

ஏன்? எம்.கே.-801 என்னும் மருந்தின் கதை ஒரு நல்ல பாடம். குருதி நிறுத்தப்பட்ட ஜெர்பில்களின் மூளையை அது காப்பாற்றுகிறது என்று கூறப்பட்டது. இதற்கிடையே 1987ஆம் ஆண்டில் பஸ்டோ என்பாரும் பிறரும் ஒன்றைக் காட்டியிருந்தனர்: எலியின் மூளை வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே அழிவு பெரிதும் குறைந்துவிடும். 1990ஆம் ஆண்டில் புக்கானும் புல்சினெல்லியும் எம்.கே.-801 கொடுக்கப்பட்ட ஜெர்பில்களின் உடல் வெப்பத்தை அளந்தனர். மருந்து அவற்றைக் குளிரச் செய்திருந்தது! வெப்பம் இறங்காமல் பார்த்துக்கொண்டபோது மருந்தின் மகிமை மறைந்துபோயிற்று. மூளையைக் காத்தது குளிர். பெயரைத் தட்டிச் சென்றது மருந்து. ஒரு வெப்பமானியைச் செருக மறந்ததால் எத்தனை ஆராய்ச்சிகள் வழி தவறின என்பதை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது.

நூல் முறையிலும் இதே கண்ணி உண்டு, தலைகீழாக. நூல் நீண்ட நேரம் உள்ளே இருந்தால் உடல் வெப்பத்தை ஆளும் பகுதியும் குருதியின்றி வாடும். எலிக்குக் காய்ச்சல் ஏறும். காய்ச்சலால் அழிவு பெருகும். முகத் தமனி அறுபட்டதால் மெல்ல இயலாமல் எலி மெலிவதுமுண்டு. அதனைப் பக்கவாதத்தின் விளைவு என்று தவறாகக் கணக்கிட்டுவிடலாம். குழைந்த உணவு கொடுத்து, வலி நீக்கும் மருந்தும் கொடுத்துப் பேணிய எலியே உண்மை கூறும் எலி. இரக்கமும் துல்லியமும் இங்கே ஒன்றுக்கொன்று பகையல்ல.

மற்றொரு குறையை ஆசிரியர்கள் உடனே புரிந்துகொள்வர். விடைத்தாளின் மேல் மாணவன் பெயர் எழுதியிருந்தால், நேர்மையான ஆசிரியர் கையிலும் மதிப்பெண் சிறிது சாயும். அதனாலேயே பொதுத் தேர்வில் பெயருக்குப் பதில் எண் இடுகின்றனர். எலிப் பரிசோதனைகள் பலவற்றிலோ, எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் உப்புநீர் என்பதை அறிந்தவரே மூளையின் அழிவையும் அளந்தார். எந்த எலிக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிப்பதும் பல இடங்களில் இல்லை. என்.எக்ஸ்.ஒய்.-059 என்னும் மருந்து 2006ஆம் ஆண்டில் முதற் பெரும் மனிதப் பரிசோதனையில் நம்பிக்கை தந்தது. 2007ஆம் ஆண்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த இரண்டாம் பரிசோதனையில் பயனற்றது எனத் தெரிந்தது. பின்னர் மக்ளவுட் முதலியோர் பழைய பிராணிப் பரிசோதனைகளைப் புரட்டிப் பார்த்தபோது, குலுக்கலும் பெயர் மறைப்பும் இல்லாத ஆராய்ச்சிகளிலேயே அம்மருந்தின் பெருமை மிகுந்து காணப்பட்டது.

பரிசோதிக்கப்பட்ட எலிகளும் எத்தகையவை? பெரும்பாலும் இளையவை, ஆண், நோய் நொடி அறியாதவை. பக்கவாதம் கண்டு படுக்கும் மனிதரோ பெரும்பாலும் முதியவர். இரத்த அழுத்தமும் நீரிழிவும் நெடுநாளாக உள்ளவர். அழுத்தம் மிக்க எலி இனமொன்றை ஒகமோட்டோவும் அயோக்கியும் கியோட்டோ நகரில் வளர்த்து 1963ஆம் ஆண்டிலேயே உலகுக்கு அறிவித்திருந்தனர். இருந்தும் அதனைப் பயன்படுத்தியோர் குறைவு. 1999ஆம் ஆண்டில் அறிஞர் குழுவொன்று கூடி, மனிதனிடம் செல்லுமுன் மருந்துகள் எந்தெந்தப் பரிசோதனைகளைத் தாண்ட வேண்டும் என்று விதிகள் வகுத்தது. மூளை மடிப்புகள் கொண்ட பெரிய பிராணிகளிடமும் சோதிக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. எலியின் மூளை வழுவழுப்பானது. குரங்கின் மூளையோ மனித மூளையைப் போல மடிப்பு மடிப்பானது.

டொராண்டோவில் 'கெரா'வின் இனம் பரிசோதனைக்கு வந்தது இந்தத் தேவையால்தான். நெரினெடைடு என்னும் அம்மருந்து குரங்குகளின் மூளையில் அழிவைக் குறைத்தது. 2020ஆம் ஆண்டில் 1,105 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு வந்தது. மொத்தத்தில் மருந்து பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் வேறுபாடு இல்லை. குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்து பெறாதவர்க்கு மட்டும் பயன் இருப்பதுபோல் தோன்றியது. அத்தகையோரையே தேர்ந்தெடுத்துச் செய்த அடுத்த பரிசோதனையின் முடிவு 2025ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலும் பயன் மெய்ப்படவில்லை. குரங்கு வரை சென்றும் வழி திறக்கவில்லை.

வென்றது எது?

வென்றவை இரண்டே. 1985ஆம் ஆண்டில் சிவின் என்பாரும் கூட்டாளிகளும் முயல்களின் மூளைக்குக் குருதித் துணுக்குகளை அனுப்பி, கட்டி கரைக்கும் 'டி.பி.ஏ.' மருந்தை உடனே கொடுத்தால் முடக்கம் குறைவதைக் கண்டனர். பத்தாண்டு கழித்து, 1995ஆம் ஆண்டில், அமெரிக்காவில் 624 நோயாளிகளிடம் அது சோதிக்கப்பட்டது. மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்கள், மூன்று மாதம் கழித்து ஊனமின்றியோ மிகச் சிறு ஊனத்துடனோ இருக்கும் வாய்ப்பு, பெறாதவர்களைவிட நூற்றுக்கு 30 பங்காவது மிகுதி. 2008ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஆராய்ச்சியொன்று அக்கால எல்லையை நான்கரை மணி நேரமாக நீட்டியது.

இரண்டாவது வெற்றி, எலியின் நூலை நினைவூட்டுவது. தொடையில் உள்ள தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளை வரை கொண்டுசென்று, அடைத்திருக்கும் கட்டியை வெளியே இழுத்துவிடுவது. 2015ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் 500 நோயாளிகளிடம் கண்ட முடிவின்படி, பழைய சிகிச்சையில் நூற்றுக்கு 19 பேரே பிறர் உதவியின்றி வாழும் நிலையை அடைந்தனர். கட்டி நீக்கப்பட்டவர்களுள் 33 பேர் அடைந்தனர். நூலை இழுத்துக் குருதியைத் திறந்துவிடும்போது எலிக்கு நடப்பதும் இதுவே. ஆயிரத்துக்கு மேற்பட்ட மருந்துகளைத் தேடி அலைந்த காலமெல்லாம், நோயைத் தீர்க்கும் வழி அந்தப் பரிசோதனையின் கடைசிச் செயலிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

தோட்டப்புறத்து மக்களுக்கு இவ்வாராய்ச்சியிலிருந்து கிட்டும் நேரான செய்தி ஒன்றுண்டு. தாப்பாவிலிருந்து மாநிலத் தலைநகரான ஈப்போ ஏறத்தாழ 60 கிலோமீட்டர். உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களுக்கு மண் சாலையும் சேர்ந்துகொள்ளும். வாய் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறியவரைக் கட்டிலில் கிடத்தி எண்ணெய் தேய்ப்பதும், 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருப்பதும், வாடிய கன்றைச் சருகாக்கும் செயலாகும். 999 எண்ணை உடனே அழைக்க வேண்டும். வீட்டில் இருக்கும் இரத்தம் இளக்கும் மாத்திரையைத் தாமாகக் கொடுத்துவிடுவதும் கூடாது. தமனி அடைபட்டதா, வெடித்ததா என்பது தலையைப் படம் பிடித்துப் பார்த்தாலன்றித் தெரியாது என முன்னரே கூறப்பட்டது. வெடித்த தமனிக்கு இளக்கும் மருந்து நஞ்சாகும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி, 'இவர் கடைசியாக நலமாக இருந்தது எத்தனை மணிக்கு?' என்பது. அதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர் கூடவே செல்வது நல்லது.

இரக்கத்தின் கணக்கு

தொடக்கத்தில் எழுந்த கேள்வி இன்னும் நிற்கிறது. இங்கிலாந்தின் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959ஆம் ஆண்டில் எழுதிய நூலில் மூன்று நெறிகளைக் கூறினர்: பிராணியின்றிச் செய்யக்கூடியதை அவ்வாறே செய்க, பிராணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க, அவற்றின் துன்பத்தைத் தணிக்க. இந்தியா 1960ஆம் ஆண்டில் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. 1978ஆம் ஆண்டில், ஆராய்ச்சிக்கென வெளிநாடுகளுக்கு ரீசஸ் குரங்குகளை ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. மலேசியாவும் 1984ஆம் ஆண்டில் நீள்வால் குரங்கின் ஏற்றுமதியைத் தடை செய்தது. 2007ஆம் ஆண்டில் அத்தடையை நீக்க அரசாங்கம் முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே தடை நிலைநிறுத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் ஆராய்ச்சியில் பயன்படும் பிராணிகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது.

சட்டம் தடுப்பது கண்ணுக்குத் தெரியும் கொடுமையை. வெப்பமானி இல்லாத, குலுக்கல் இல்லாத, பெயர் மறைப்பு இல்லாத பரிசோதனையின் கொடுமை கண்ணுக்குத் தெரியாது. அங்கே எலியும் வீணாக மாள்கிறது; அதன் பொய்ச் சாட்சியை நம்பி மருந்துக்கு உடன்பட்ட நோயாளியும் ஏமாறுகிறார்.

இதனை உணர்ந்து, அமெரிக்காவில் ஆறு ஆராய்ச்சிச் சாலைகள் ஒன்றுகூடி ஒரே நூல் முறையில், ஒரே விதியின்கீழ், 2,500க்கு மேற்பட்ட எலிகளிடமும் சுண்டெலிகளிடமும் ஆறு சிகிச்சைகளைச் சோதித்தன. முதிய சுண்டெலிகளும், பருத்த சுண்டெலிகளும், கியோட்டோவில் தோன்றிய அழுத்த நோய் எலிகளும் அவற்றுள் அடங்கும். எதற்கு எந்த மருந்து என்பது அறுவை செய்தவருக்கும் தெரியாது, அளந்தவருக்கும் தெரியாது. 2023ஆம் ஆண்டில் வெளியான முடிவில் ஆறனுள் தேறியது ஒன்றே: யூரிக் அமிலம்.